பெயரில்லாத வீதி

எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு பெயர்.
இரண்டையும் இங்கே எழுத மாட்டேன்.
எழுதினால் இந்தத் தாளிலும்
யாராவது திருத்த வருவார்கள்.

கல்முனையில் கலியாணக் கார்ட் அடிக்கிற கடை எனக்கு.
பகலில் இரண்டு பெயரையும் அடிப்பேன்,
வருகிறவர் வாயைப் பார்த்து.
ஒரே மையில்தான் இரண்டும் காயும்.
இரவில் ஷட்டரை இழுத்துவிட்டு
போனில் வரைபடத்தைத் திறந்து
ஒன்றை அழித்து ஒன்றை வைப்பேன்.
விடியமுன் மாறியிருக்கும்.

மாற்றுகிறவன் 'கடல்நண்டு'.
முகமில்லை, ஊரில்லை,
எழுத்துப்பிழை மட்டும் உண்டு.
ஒழுங்கையை எப்போதும் ஒளுங்கை என்றே எழுதுவான்.
அந்த ளகரத்தைக் கண்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கும்.

ஒன்றரை வருடம்.
இடையில் வெள்ளம் வந்து வடிந்தது.
செயலகத்தைப் பிரித்துத் தா என்று ஒரு பந்தல்,
பிரிக்காதே என்று எதிரே ஒரு பந்தல்.
கடைசியில் பிரித்தது பந்தல்களைத்தான்.
நாங்கள் இருவரும் நிறுத்தவில்லை.

கடையில் இதைப் பற்றி வாய் ஓயாது.
அஷ்கர், வீட்டிலிருந்தே எங்கேயோ ஒரு கம்பெனிக்கு
மென்பொருள் எழுதி இரவு பகல் மாறிப்போனவன்:
"அவன்ட படம், அவன்ட சேர்வர்.
காசு குடுக்காமப் பாவிக்கிற சாமானில
உங்களுக்கென்ன உரித்து?"
நில அளவையாளர் தவநேசன் சங்கிலியைப் போல் நீட்டுவார்:
"காசு குடுக்கல்லையா?
எந்த ஆஸ்பத்திரி, எந்த அடகுக்கடை,
சந்தையில எத்தின நிமிசம் நிண்டன்,
எல்லாம் அளந்து குடுத்திருக்கன்.
என்ட கூலிய எப்ப தருவான்?"
"அப்ப போன நிப்பாட்டுங்க."
"நீ நிப்பாட்டு."
ஒருவரும் நிப்பாட்டவில்லை.

மணப்பெண் ஒருத்தி வந்து
கார்ட்டில் கியூஆர் போடச் சொன்னாள்.
போட்டேன்.
அதைத் தட்டினால் எந்தப் பெயர் வருமென்று
சத்தியமாக எனக்கே தெரியாது.
முதல்நாள் இரவு
யார் கடைசியாக விழித்திருந்தான் என்பதைப் பொறுத்தது.

பங்குனியில் ஒரு காலை
இரண்டு பெயருமே இல்லை.
'பெயரில்லாத வீதி.'
சாம்பல் எழுத்து. சுத்தமான தமிழ்.
எவனோ ஒருவன்,
அல்லது எவனுமில்லை, ஒரு இயந்திரம்,
பிள்ளைகள் அடிபட்ட பந்தைப் பிடுங்கிக்
கிணற்றுக்குள் போட்டது மாதிரித்
தீர்ப்புச் சொல்லிவிட்டது.
முறையீடு என்று இருந்ததை அமத்தினேன்.
நன்றி என்றது.
இன்னொருமுறை அமத்தினேன்.
மீண்டும் நன்றி.

எனக்கு வந்த மை டப்பாவோடு
கூரியர் பொடியன் வெயிலில் சுற்றினான்.
"எங்க அண்ணன் நிக்கிறீங்க?"
"கூல்பார் கடையால கிறுகு, மறுகா..."
"மறுகா?"
மறுகா என்ன சொல்வது என்று யோசித்தேன்.
அந்த ஒரு கணத்தில் அவன் வெட்டிவிட்டான்.
பார்சல் களுவாஞ்சிகுடிக்குத் திரும்பிப் போனது,
மேலே ஒரு சீல்: முகவரி இல்லை.

கடல்நண்டும் ஓய்ந்துவிட்டான்.
நாலு மாதம்.
சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது,
எதிரி இல்லாத இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன கிழமை, அதே ளகரம்.
'ஒளுங்கையின் கிழக்கு முனையில்
வடிகானுக்கு மூடி இல்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கவனம்.'
டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.
உண்மைதான்.
அடையாளத்துக்கு யாரோ
காய்ந்த தென்னோலை ஒன்றைக் குத்தியிருந்தார்கள்.
குத்திய மண் இன்னும் ஈரம்.
இந்தத் தகவல் சரியா என்று போன் கேட்டது.
ஆம் என்று அமத்தினேன்,
அவன் எழுதிய ஒன்றுக்கு முதல்தடவையாக.

பெயர் விசயத்தில் நான் மாறவில்லை.
மூடி கேட்டு மாநகரசபைக்கு எழுதிய கடிதத்தில்
என் பெயரைத்தான் போட்டிருக்கிறேன், ஒழுங்கைக்கு.
அவனும் எழுதியிருப்பான், அவன் பெயரைப் போட்டு,
ளகரத்தோடு.
இரண்டு கடிதத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு
எழுதுவினைஞர் யோசிக்கட்டும்,
உடைந்த வடிகான்
ஒன்றா இரண்டா என்று.